எல்லாப்பிரகட சுப்பாராவ்: குடல் நோயிலிருந்து ஃபோலிக் அமிலம் வரை

அரசு மருத்துவமனையின் மருந்தகத்தில் உங்களுக்கு வழங்கப்படும் மாத்திரைகளுள் ஃபோலிக் அமில மாத்திரை மிகச் சிறியது. விலையும் மிகக் குறைவு. கருவுற்ற தாய்மார்கள், இரத்தசோகை உள்ளோர், நீண்டநாள் வயிற்றுப்போக்கால் மெலிந்தோர் எனப் பலருக்கும் மருத்துவர்கள் இதனைப் பரிந்துரைக்கின்றனர். இது பி வைட்டமின் தொகுதியைச் சேர்ந்தது. வைட்டமின் பி9 என்றும் அழைக்கப்படுகிறது. இதனை ஆய்வகத்தில் உருவாக்கி உலகிற்கு அளித்த குழுவை வழிநடத்தியவர் சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை அறிந்தவர் சிலரே. அவருடைய குடும்பத்தைச் சிதைத்தது ஒரு குடல் நோய். அவரையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. அவருடைய வாழ்க்கையை அறிந்துகொண்டால், குடலும் குருதியும் பி வைட்டமின்களும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை நீங்கள் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். உங்களுக்கோ, உங்கள் பராமரிப்பில் உள்ளவருக்கோ தரப்படும் மாத்திரையை எப்போது, ஏன், எந்த எச்சரிக்கையுடன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெளிவாகும்.

பீமவரம் முதல் சென்னை வரை

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த பீமவரத்தில் பிறந்தார். இவ்வூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தந்தை ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. குடும்பம் வறுமையில் இருந்தது. பதின்மூன்று வயதில், பொருள் ஈட்டும் எண்ணத்துடன் சுப்பாராவ் வீட்டை விட்டுப் புறப்பட்டார். காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்பது அவருடைய திட்டம். தாயார் அவரை மீட்டு மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். பதின்பருவத்திலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, மூன்றாம் முறையில் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று தேறினார்.

பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் இராமகிருஷ்ண மடத்தின்பால் ஈடுபாடு கொண்டு துறவு மேற்கொள்ள விரும்பினார். தாயார் அதற்கு இசையவில்லை. மக்களுக்குத் தொண்டு செய்ய மருத்துவமும் ஒரு வழி என்ற தெளிவு பிறந்தபின், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919-இல் சேஷகிரி என்பவரை மணந்தார். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி அவருடைய படிப்புக்குப் பொருளுதவி செய்தார்.

அது காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் பரவிய காலம். சுப்பாராவ் கதராலான மேலங்கியை அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு அதனை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியிருந்தும், சுப்பாராவுக்கு முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த நிலையில் கருதப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே வழங்கப்பட்டது. அரசு மருத்துவப் பணியில் சேரும் வாய்ப்பும் அதனால் நழுவியது.

எட்டு நாட்களில் இரு மரணங்கள்

சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். இருவரையும் கொண்டுசென்றது வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் குடல் நோய். சுப்பாராவும் இதே நோயால் பாதிக்கப்பட்டு, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் உடல் தேறினார். பின்னர் லட்சுமிபதி நடத்திய சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் கற்பிக்கும் விரிவுரையாளராகச் சேர்ந்தார். தம் சகோதரர்களைக் கொன்ற நோயின் காரணம் என்ன, அதற்கு உறுதியான மருந்து எது என்ற வினாக்கள் அவரை விட்டு அகலவில்லை.

வெப்பமண்டல ஸ்ப்ரூ எவ்வாறு உடலைச் சிதைக்கிறது என்பதை இங்கு சற்று விரிவாகக் காண்போம்.

நமது சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் கோடிக்கணக்கில் உள்ளன. உண்ட உணவின் சத்துகள் இவற்றின் வழியாகவே குருதியில் சேர்கின்றன. சோறு, இட்லி, சப்பாத்தி ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்து முதலில் உமிழ்நீராலும் கணைய நீராலும் சிறு சர்க்கரைகளாக உடைகிறது. இறுதிக்கட்டச் செரிமானம் குடலுறிஞ்சிகளின் மேற்பரப்பில் உள்ள நொதிகளால் நிகழ்கிறது. ஸ்ப்ரூ நோயில் இந்தக் குடலுறிஞ்சிகள் தேய்ந்து குட்டையாகின்றன. உணவு செரிக்காமலும் உறிஞ்சப்படாமலும் வெளியேறுகிறது.

இதன் அறிகுறிகளாவன:

- வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு. மலம் வெளிறி, மிகுந்த அளவிலும் நாற்றத்துடனும், சில வேளைகளில் எண்ணெய்ப் பசையுடனும் காணப்படும்.
- வயிற்று உப்புசம், பசியின்மை, உடல் எடை குறைதல்.
- நாக்கு சிவந்து வழவழப்பாகி எரிதல், வாய்ப்புண்.
- களைப்பு, மூச்சிரைப்பு, வெளிறிய கண்ணிமை. இவை இரத்தசோகையைக் காட்டுவன.
- கணுக்கால் வீக்கம். புரதச்சத்து குறைவதால் இது ஏற்படலாம்.

ஃபோலேட் சத்து சிறுகுடலின் மேற்பகுதியில் உறிஞ்சப்படுகிறது. வைட்டமின் பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. ஸ்ப்ரூ நோய் குடலின் நெடும்பகுதியைப் பாதிப்பதால் இவ்விரண்டும் குறைகின்றன. குடலின் உட்சுவரோ சில நாட்களுக்கு ஒருமுறை தன்னை முழுமையாகப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. புதிய உயிரணுக்கள் பிறக்க ஃபோலேட்டும் பி12-உம் இன்றியமையாதவை. ஆகவே, குடல் பழுதுற்றால் ஃபோலேட் குறையும். ஃபோலேட் குறைந்தால் குடல் தன்னைச் சீர்செய்துகொள்ள இயலாது. இந்தச் சுழலில் சிக்கியவர்கள், உணவு கிடைத்தும் உண்ண முடிந்தும், பட்டினியால் இறப்பவரைப் போல மெலிந்து இறந்தனர். சுப்பாராவின் சகோதரர்களுக்கு நேர்ந்தது இதுவே.

நம் பகுதிக்கும் இந்நோய் அயலானதன்று. 1960-களில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோயாகப் பரவியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோர் அங்கு மேற்கொண்ட ஆய்வுகள் இந்நோயைப் பற்றிய உலக அறிவுக்கு அடித்தளமாக விளங்குகின்றன. இன்று இந்நோய் குறைந்துள்ளது; எனினும் முற்றிலும் மறையவில்லை.

பாஸ்டன் நகரில்: உணவு ஆற்றலாகும் வழி

காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் அளித்த உதவியுடன் சுப்பாராவ் கப்பலேறினார். 1922 அக்டோபர் 26-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். அவருடைய இந்திய மருத்துவப் பட்டத்தைக் கொண்டு அங்கு மருத்துவராகப் பணியாற்ற இயலவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவமனையொன்றில் இரவு நேர ஊழியராகச் சேர்ந்து, நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவினார். பகலில் படித்தார்.

பின்னர் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் ஆய்வில் இணைந்தார். குருதியிலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்பதை நிறமாற்றத்தைக் கொண்டு அளவிடும் எளிய முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை எனப்படும் இது உலகெங்கும் ஆய்வகங்களில் பல்லாண்டுகள் பயன்பட்டது. இன்றும் உயிர்வேதியியல் மாணவர்கள் இப்பெயரை அறிவர்.

இம்முறையைத் தசையில் பயன்படுத்தியபோது புதியதொரு வாயில் திறந்தது. தசை இயங்குவதற்கான ஆற்றலை அதில் சேமிக்கப்பட்ட கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாக மாறுவதே நேரடியாகத் தருகிறது என்று அக்கால அறிஞர்கள் கருதினர். ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளை 1927-இல் அறிவித்தனர். தசை உழைக்கும்போது அது குறைவதையும், ஓய்வின்போது மீண்டும் கூடுவதையும் கண்டனர். 1929-இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளைத் தனியே பிரித்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக இதனைக் கண்டறிந்தார். சுருக்கமாக ஏடிபி எனப்படும் இப்பொருளே உயிரணுக்கள் அனைத்திலும் ஆற்றலை ஏந்திச் செல்லும் நாணயம் என்பது பின்னர் உறுதியாயிற்று.

பி வைட்டமின்கள் இங்குதான் மீண்டும் வருகின்றன. நீங்கள் உண்ணும் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறிக் குருதியில் சேர்ந்தவுடன் ஆற்றலாகிவிடுவதில்லை. அது படிப்படியாக எரிக்கப்பட்டு, ஏடிபி உருவாக வேண்டும். அந்தப் படிகளில் ஒவ்வொரு பி வைட்டமினுக்கும் ஒரு பணி உண்டு:

- தயமின் (பி1): குளுக்கோஸ் பாதியளவு உடைந்து பைருவேட் ஆனபின், அது அடுத்த கட்டத்துக்குச் செல்ல இது தேவை. இது குறைந்தால் பெரிபெரி நோய் ஏற்பட்டு நரம்பும் இதயமும் பாதிக்கப்படும்.
- ரைபோஃபிளேவின் (பி2), நியாசின் (பி3): எரிதலில் வெளிப்படும் ஆற்றலை ஏடிபி உருவாகும் இடத்துக்கு எடுத்துச் செல்பவை. நியாசின் குறைந்தால் தோல் அழற்சி, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகியவற்றை விளைவிக்கும் பெலாக்ரா நோய் வரும்.
- பாண்டோதெனிக் அமிலம் (பி5): மாவுச்சத்து, கொழுப்பு ஆகிய இரண்டும் சந்திக்கும் இடத்தில் பணிபுரியும் துணைநொதியின் பகுதி.
- பைரிடாக்சின் (பி6): சேமித்த கிளைக்கோஜனை உடைக்கும் நொதிக்குத் துணை.
- பயோட்டின் (பி7): உண்ணாத வேளையில் உடல் தானே குளுக்கோஸ் தயாரிக்க உதவுவது.
- ஃபோலேட் (பி9), பி12: புதிய உயிரணுக்கள் தோன்ற இன்றியமையாதவை. மிக விரைவாகப் பெருகும் குடற்சுவரும் எலும்பு மச்சையும் இவற்றின் குறைவை முதலில் உணர்கின்றன.

ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள். பி வைட்டமின்கள் தாமே ஆற்றலைத் தருவதில்லை. உணவிலுள்ள ஆற்றலை உடல் பயன்படுத்த உதவுகின்றன. குறைபாடு உள்ளவருக்கு அவற்றைத் தந்தால் களைப்பு நீங்கும். குறைபாடு இல்லாதவர் மேலும் மேலும் உட்கொள்வதால் வலிமை கூடாது. நீரிழிவு நோயும் அதனால் குணமாகாது.

கல்லீரலில் மறைந்திருந்த பொருள்

1930-இல் சுப்பாராவ் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். இத்தனை கண்டுபிடிப்புகளுக்குப் பின்னும் அங்கு அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவிலேயே அதன் ஆய்வுப் பணிகளுக்குத் தலைமை ஏற்றார்.

கொடிய இரத்தசோகை நோயாளிகள் கல்லீரலை உண்டால் பிழைக்கின்றனர் என்பதை ஜார்ஜ் மைனட், வில்லியம் மர்ஃபி ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் 1926-இல் காட்டியிருந்தனர். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், பம்பாயில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தசோகை ஈஸ்ட் சாறான மார்மைட்டால் குணமாவதைக் கண்டார். கல்லீரலிலும் ஈஸ்ட்டிலும் கீரையிலும் உயிர்காக்கும் ஏதோ ஒன்று உள்ளது என்பது தெரிந்தது. 1941-இல் பசலை வகைக் கீரையிலிருந்து அப்பொருளைச் செறிவாகப் பிரித்தவர்கள், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். ஆயினும் மருந்தாகத் தரும் அளவுக்கு அது கிடைக்கவில்லை. டன் கணக்கில் கீரையையோ கல்லீரலையோ பிழிந்தாலும் மில்லிகிராம் அளவே தேறியது.

சுப்பாராவ் ஹார்வர்டு நாட்களிலிருந்தே கல்லீரல் சாற்றை ஆராய்ந்துவந்தார். லெடர்லேயில் வேதியியலாளர், நுண்ணுயிரியலாளர், மருந்தியலாளர் அடங்கிய பெருங்குழுவை இப்பணியில் ஈடுபடுத்தினார். 1945-இல் அக்குழு ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைக் கண்டறிந்து அதனை ஆய்வகத்திலேயே உருவாக்கியது. மாத்திரை வடிவில் அது வெளிவந்தது. டாம் ஸ்பீஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் பிறரும் அதனைக் கரிபியன் பகுதி ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அளித்துப் பார்த்தனர். பசி திரும்பியது, நாக்குப் புண் ஆறியது, இரத்த அணுக்கள் பெருகின, எடை கூடியது. சகோதரர்கள் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்தபின், அந்நோய்க்கான மருந்து சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்தே வந்தது.

ஃபோலிக் அமிலம் மட்டும் போதுமா?

மருத்துவ உலகம் விரைவிலேயே ஒரு பாடத்தைக் கற்றது. வைட்டமின் பி12 குறைபாட்டால் வந்த இரத்தசோகைக்கும் ஃபோலிக் அமிலம் கொடுக்கப்பட்டது. இரத்தம் தேறியது. ஆனால் நோயாளிகளின் கை கால்கள் மரத்தன, நடை தள்ளாடியது. பி12 இல்லாத நிலையில் நரம்புகளும் தண்டுவடமும் தொடர்ந்து பழுதுற்றன. இரத்தசோகை என்னும் எச்சரிக்கை மணியை மட்டும் ஃபோலிக் அமிலம் நிறுத்திவிட்டது. பி12 தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல்தான்.

இப்பாடம் இன்றும் உங்களுக்குப் பொருந்தும். களைப்பும் வெளிறிய தோற்றமும் இருப்பதைக் கொண்டு கடையில் ஃபோலிக் அமிலம் வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்ளாதீர்கள். குறிப்பாகக் கீழ்க்கண்டோருக்குப் பி12 குறைய வாய்ப்பு அதிகம்:

- பால், முட்டை, மீன், இறைச்சி எதையும் உண்ணாதோர்.
- முதியோர்.
- நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக உட்கொள்வோர்.
- இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நீண்டகாலம் உட்கொள்வோர்.
- இரைப்பையிலோ சிறுகுடலிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர்.

இவர்கள் மருத்துவரிடம் பி12 இரத்தப் பரிசோதனை குறித்துக் கேட்கலாம். மெட்ஃபார்மினைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இருப்பதும் முக்கியம். பி12 குறைவாயின் அதனைத் தனியே ஈடுசெய்ய இயலும். நீரிழிவு நோயாளிக்குக் கால் மரத்துப்போனால், சர்க்கரையால் வந்ததென்று எண்ணி விட்டுவிடாமல் பி12 அளவையும் பார்த்துவிடுவது நன்று.

வைட்டமினுக்கு எதிரான மருந்து

பாஸ்டனில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தேடிக்கொண்டிருந்த சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்கள் அந்நோயை விரைவுபடுத்துவதாகக் கருதினார். அவ்வாறாயின், ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருள் புற்றணுக்களை ஒடுக்கக்கூடும் அல்லவா? சுப்பாராவின் குழு அத்தகைய பொருள்களை உருவாக்கி அவருக்கு அனுப்பியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை ஃபார்பர் 1948-இல் வெளியிட்டார். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தால் பயன் உண்டு என்ற நம்பிக்கை அப்போதுதான் பிறந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்று புற்றுநோய்க்கும், குறைந்த அளவில் முடக்குவாதம், சோரியாசிஸ் ஆகியவற்றுக்கும் பயன்படுகிறது.

உங்கள் வீட்டில் முடக்குவாதத்துக்காக மெத்தோட்ரெக்சேட் உட்கொள்பவர் இருந்தால், இவற்றைத் தவறாமல் கவனியுங்கள்:

- இம்மாத்திரை வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். எந்தக் கிழமை என்பதை மருந்துச் சீட்டிலும் நாட்காட்டியிலும் பெரிதாக எழுதிவையுங்கள்.
- பக்கவிளைவுகளைக் குறைக்க மருத்துவர் ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்துத் தருவார். வழக்கமாக அது வேறொரு நாளில் தரப்படும். இரு மாத்திரைகளும் தோற்றத்தில் ஒத்திருக்கக்கூடும். தனித்தனிப் பெட்டிகளில் வையுங்கள்.
- வாய்ப்புண், காய்ச்சல், கடும் வயிற்றுப்போக்கு, உடலில் இரத்தக் கசிவு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
- கருவுற்றோரும் கருவுறத் திட்டமிடுவோரும் இம்மருந்தை உட்கொள்ளக் கூடாது.

இறுதி ஆண்டுகள்

ஃபோலிக் அமிலத்தோடு சுப்பாராவின் பணி நிற்கவில்லை. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் 1947-இல் அவருடைய குழுவிலிருந்து வெளிவந்தது. தமிழகக் கிராமங்களில் வீடு வீடாக வழங்கப்பட்டுவந்த டிஇசி மாத்திரை இதுவே. 1948-இல் அதே ஆய்வகத்தில் பெஞ்சமின் டுகர் என்னும் தாவரவியலாளர் மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டறிந்தார். டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளுள் இதுவே முதலாவது.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், 53-ஆம் வயதில், சுப்பாராவ் மாரடைப்பால் உறக்கத்திலேயே காலமானார். 1922-இல் புறப்பட்டவர் தாயகம் திரும்பவேயில்லை. மனைவி சேஷகிரியை மீண்டும் காணவுமில்லை. நோபல் பரிசோ பெரும் விருதுகளோ அவரை அடையவில்லை. பேட்டிகளையும் புகழுரைகளையும் அவர் தவிர்த்துவந்தார்; கண்டுபிடிப்புகளைத் தம் குழுவினரின் பெயரிலேயே வெளிவரச் செய்தார். பிறந்த நூற்றாண்டையொட்டி 1995-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

வெப்பமண்டல ஸ்ப்ரூவுக்கு இன்று தரப்படும் சிகிச்சையைப் பாருங்கள். ஃபோலிக் அமிலம், தேவைப்பட்டால் பி12 ஊசி, அவற்றோடு சில மாதங்களுக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து. ஃபோலிக் அமிலமும் முதல் டெட்ராசைக்ளினும் சுப்பாராவ் தலைமையேற்ற ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தவை. அவருடைய சகோதரர்களின் உயிரைப் பறித்த நோய் இன்று மாத்திரைகளால் குணமாகக்கூடியது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைக் கருவுற்றோருக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பொதுவாகத் தருவதில்லை. ஆகவே இச்சிகிச்சையை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே பெற வேண்டும்.

உணவில் பி வைட்டமின்கள்

- ஃபோலேட்: கீரை வகைகள், பாசிப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி, நிலக்கடலை, ஆரஞ்சு, முட்டை, ஈரல். கீரையை நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரை வடித்துக் கொட்டினால் ஃபோலேட் வீணாகும். குறைந்த நீரில், மூடி வேகவையுங்கள்.
- தயமின்: புழுங்கல் அரிசி, கைக்குத்தல் அரிசி, சிறுதானியங்கள், பயறுகள். நெல்லை அவிக்கும்போது மேலுறையிலுள்ள தயமின் அரிசியின் உள்ளே செல்வதால், தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் இது அதிகம். அரிசியைப் பலமுறை கழுவுவதையும் கஞ்சியைக் கொட்டுவதையும் தவிருங்கள்.
- பி12: பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி. தாவர உணவுகளில் இது போதிய அளவில் இல்லை.

குடல் நோயிலிருந்து தேறிவருவோருக்கு, குடலுறிஞ்சிகளின் நொதிகள் மீளும் வரை, பால் அருந்தினால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு ஏற்படலாம். சில வாரங்களுக்குப் பாலைக் குறைத்துத் தயிர், மோர் தரலாம். சிறிய அளவில் பலமுறை உணவளியுங்கள்.

மாத்திரைகளைப் பற்றிச் சில குறிப்புகள்

- கருவுறத் திட்டமிடும் பெண்கள், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், குழந்தைக்கு முதுகுத்தண்டு, மூளை ஆகியவற்றில் ஏற்படும் பிறவிக் குறைபாடுகள் பெருமளவு தவிர்க்கப்படும். கருவுற்றது தெரிந்தபின் தொடங்கினால், அந்த உறுப்புகள் உருவாகும் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும்.
- வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்வோர், ஃபோலிக் அமிலம் தொடங்குமுன் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
- மதுப்பழக்கம் உடையவர் பல நாட்கள் உண்ணாமலிருந்து மயங்கினால், மருத்துவமனையில் அதனைத் தெளிவாகக் கூறுங்கள். அவருக்குக் குளுக்கோஸோடு தயமினும் தரப்பட வேண்டும். இல்லையேல் மூளை பாதிக்கப்படலாம்.
- பி6 மாத்திரையை மிகுந்த அளவில் நீண்டகாலம் உட்கொண்டால் நரம்புகள் பாதிக்கப்படும். சத்து மாத்திரைதானே என்று அளவை மீறாதீர்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

- வயிற்றுப்போக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால்.
- காரணமின்றி எடை குறைந்தால்.
- மலத்தில் இரத்தம் கலந்திருந்தால், அல்லது மலம் கருநிறமாக இருந்தால்.
- நாக்கு எரிச்சலும் களைப்பும் தொடர்ந்தால்.
- கை கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவை தோன்றினால்.

நீண்டநாள் வயிற்றுப்போக்கு எல்லாம் ஸ்ப்ரூ ஆகிவிடாது. குடற்காசநோய், ஒட்டுண்ணித் தொற்று, கோதுமைப் புரதத்தால் தூண்டப்படும் சீலியாக் நோய், தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவையும் இதே அறிகுறிகளைக் காட்டலாம். மருத்துவர் இரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் உள்நோக்கிப் பரிசோதனை ஆகியவற்றைக் கொண்டு காரணத்தை அறிவார். பழைய பரிசோதனை முடிவுகளையும் தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

நோயாளி தேறிவிட்டார் என்று தோன்றியவுடன் மருந்தை நிறுத்திவிடுவது பராமரிப்போர் பலரிடம் காணப்படும் வழக்கம். ஸ்ப்ரூ நோயில் நாக்குப் புண் சில நாட்களில் ஆறிவிடும், பசியும் திரும்பும். ஆனால் குடலுறிஞ்சிகள் முழுமையாக வளர மாதங்கள் ஆகும். மருத்துவர் குறித்த நாள் வரை மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுங்கள். மாதம் ஒருமுறை நோயாளியின் எடையைக் குறித்துவைத்து, அடுத்த வருகையின்போது அக்குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள்.